கத்திரிக்கு முன் எரியும் மலை: கல்வராயன் தீக்கணக்கு

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். கல்வராயன் மலையில் சருகு பற்றிக்கொள்ளும் பருவம் பிப்ரவரியிலேயே வந்துவிடுகிறது. மார்ச்சில் உச்சம் தொட்டு, ஏப்ரலில் கோடை மழை இறங்கியதும் தணிகிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் வெப்பமானியும் மழைமானியும் வைத்துக் குறிப்பெடுக்கும் வானிலை ஆர்வலர்கள் 40 டிகிரியைத் தொட்ட நாளைத்தான் பேசுகிறோம். காட்டுத்தீயைத் தீர்மானிக்கும் எண்கள் அதற்கு இரண்டு மாதம் முன்பு, 36 டிகிரி அடிக்கும் சாதாரண நாட்களில் சத்தமில்லாமல் ஏறிவிடுகின்றன. அந்த எண்களை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

தேதிகளில் தொடங்கலாம். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீ 2018 மார்ச் 11 அன்று எரிந்தது. பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் கருகியது 2019 பிப்ரவரி. 2025-இல் தமிழக வனத்துறை தன் மலையேற்றப் பாதைகளைத் தீப்பருவத்துக்காக மூடிவைத்த காலம் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை. இவற்றில் எதுவும் கத்திரிக்குள் வரவில்லை.

வெப்ப அலை அறிவிப்பை நம்பியும் மலைக்காட்டைக் காக்க முடியாது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை, 6.4-ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. மலைப்பகுதிக்குத் தொடக்க அளவு 30 டிகிரி. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இந்த அளவுகோல் மனித உடலுக்காக வகுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்ததும் அதே அக்கறையில்தான். காட்டுச் சருகுக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் 1949-லேயே சோவியத் ரஷ்யாவில் உருவானது. நெஸ்டெரோவ் வகுத்த தீக்குறியீட்டுக்கு இரண்டு வெப்பமானிகளும் ஒரு மழைமானியும் போதும். பிற்பகல் வெப்பநிலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து பனிப்புள்ளியை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைக் கழிக்க வேண்டும். கிடைத்த வித்தியாசத்தை வெப்பநிலையாலேயே பெருக்கி, மழையில்லாத ஒவ்வொரு நாளுக்கும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 3 மி.மீ-க்கு மேல் மழை பெய்தால் கணக்கு சுழியத்துக்குத் திரும்பும். கூட்டுத்தொகை 300-க்குள் என்றால் அபாயமில்லை. 1,000 வரை குறைவு, 4,000 வரை நடுத்தரம், 10,000 வரை அதிகம், அதற்கு மேல் மிகக் கடுமை.

கல்வராயனுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். வெள்ளிமலை, கரியாலூர் போன்ற மேல்மட்ட ஊர்களுக்கும் அடிவாரத்துக்கும் 750 மீட்டர் உயர வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பொதுக்கணக்கில் மேலே சுமார் 5 டிகிரி குறையும். மார்ச்சில் கீழே 36 என்றால் மேலே 31. பனிப்புள்ளி 14 என்று கொண்டால் வித்தியாசம் 17. ஒரு நாள் மதிப்பு 31 × 17 = 527. எட்டு நாளில் 4,216, அதாவது "அதிகம்". பத்தொன்பதாவது நாளில் 10,013, அதாவது "மிகக் கடுமை". பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை ஒரு மாதம் மழையே இல்லாமல் போவது இந்த மலையில் அதிசயமல்ல. அப்போது 15,810.

அதே மலையின் மே மாதம்: கீழே 40, மேலே 35. காற்றில் ஈரம் ஏறியிருக்கும், பனிப்புள்ளி 22 என்று கொள்வோம். 35 × 13 = 455. வெயில் 4 டிகிரி கூடியும் ஒரு நாள் மதிப்பு குறைந்துவிட்டது. எட்டு நாளைக்கு ஒருமுறை இடிமழை வந்து 3 மி.மீ-ஐத் தாண்டினால் கணக்கு 3,640-க்கு மேல் ஏறாது. நான் எடுத்துக்கொண்ட வெப்பநிலைகள் எடுத்துக்காட்டுக்கானவை. அவரவர் ஊர் அளவீட்டைப் போட்டுப் பார்த்தால் தொகை மாறும். ஆனாலும் கணக்கை ஆட்டுவிப்பது எது என்பது மாறாது: மழை கடைசியாகப் பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்ற எண்ணிக்கைதான் அது.

இனி எரிபொருள். இலையுதிர் காட்டில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சில டன் சருகு விழும். கணக்குக்கு 5 டன், அதாவது சதுர மீட்டருக்கு அரைக் கிலோ என்று வைப்போம். முந்தைய பருவமழையும் இந்த எரிபொருளைக் கூட்டுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் இந்த வட்டாரத்தின் மேல் நகர்ந்தபோது, மலைக்கு வடக்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ கொட்டியது. தமிழ்நாட்டின் முழு வடகிழக்குப் பருவமழை இயல்பே 44 செ.மீ-தான். அப்படிப்பட்ட மழைக்குப் பின் புல் ஆளுயரம் வளர்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டு தீக்குப் பாதுகாப்பான ஆண்டு என்று நினைப்பது தவறு. டிசம்பரில் குடித்த நீரெல்லாம் மார்ச்சில் காய்ந்த புல்லாக நிற்கும்.

உலர்ந்த சருகு கிலோவுக்கு ஏறக்குறைய 18 மெகாஜூல் வெப்பம் தரும். ஒரு ஹெக்டேரின் 5 டன்னில் 90,000 மெகாஜூல். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து சூடேற்றி ஆவியாக்க 2.55 மெகாஜூல் தேவை. அந்த வெப்பம் முழுவதையும் நீரால் உறிஞ்ச வேண்டுமானால் 35,000 லிட்டர் வேண்டும். 4,500 லிட்டர் வண்டியில் எட்டு நடை. நடைமுறையில் தீ முனையை மட்டும் உடைக்க இதைவிடக் குறைந்த நீர் போதும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி ஏறாத சரிவில் அந்தக் குறைந்த நீரையும் யார் சுமப்பது? அதனால்தான் மலையில் தீயைப் பச்சைத் தழையால் அடிக்கிறார்கள்.

அடிக்க முடியுமா முடியாதா என்பதற்கும் எண் உண்டு. சமதளத்தில் காற்றில்லாத வேளையில் தீ நிமிடத்துக்கு 3 மீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். சருகு எடை, வெப்ப மதிப்பு, வேகம் மூன்றையும் பெருக்கினால் தீமுனையின் ஒவ்வொரு மீட்டரிலும் 450 கிலோவாட் வெளிவருகிறது. அமெரிக்கரான பைரம் 1959-இல் தந்த சூத்திரப்படி சுவாலை 1.3 மீட்டர், நாலே கால் அடி. கைக்கருவியோடு தீ முகத்தில் நிற்க உலகெங்கும் கொள்ளும் எல்லை சுமார் 4 அடி. ஆக, சமதளத்திலேயே ஆள் நிற்பது விளிம்பில்தான்.

சரிவு வந்தால் நிலைமை வேறு. மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிச் சரிவுக்கும் இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியாவின் மக்ஆர்தர் கண்ட விதி. 20 டிகிரிச் சரிவில் வேகம் நான்கு மடங்காகி நிமிடத்துக்கு 12 மீட்டர், ஆற்றல் 1,800 கிலோவாட், சுவாலை 2.4 மீட்டர். எட்டடி சுவாலைக்கு எதிரே தழையோடு எந்த மனிதரையும் நிறுத்தக் கூடாது. 600 மீட்டர் உயரமான 20 டிகிரிச் சரிவின் நீளம் சுமார் 1,750 மீட்டர். அடியில் மதியம் ஒன்றரைக்குப் பற்றிய தீ நான்கு மணிக்குள் உச்சியில் இருக்கும். குரங்கணியில் சிக்கியவர்களும் சரிவில்தான் சிக்கினார்கள். சரிவில் தீக்கு மேலே நிற்பவருக்கு நேரமே இல்லை என்பதை இந்த எண்கள் வருத்தத்தோடு சொல்கின்றன.

சருகைப் பாதியாகக் குறைத்தால்? சமதளத்தில் 225 கிலோவாட், சுவாலை 3 அடி. எல்லைக்குள் வந்துவிடுகிறது. வெயிலைக் குறைக்க நம்மால் முடியாது, சரிவை மாற்ற முடியாது. இந்தக் கணக்கில் மனிதக் கை படக்கூடிய ஒரே எண் சருகின் எடைதான்.

செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லிவிடாதா என்ற கேள்வி ஆர்வலர்களிடம் அடிக்கடி வருகிறது. சொல்கிறது, இந்திய வன ஆய்வு நிறுவனம் எச்சரிக்கையும் அனுப்புகிறது. ஆனால் அந்தப் புள்ளிகளை வாசிக்கத் தெரிய வேண்டும். மோடிஸ் கருவியின் ஒரு கட்டம் 1 கி.மீ × 1 கி.மீ, அதாவது 100 ஹெக்டேர். விர்ஸ் கருவியின் கட்டம் 375 மீட்டர், 14 ஹெக்டேர். கட்டத்துக்குள் எங்கோ சிறு தீ இருந்தாலும் ஒரு புள்ளி விழும். ஒரே பெரிய தீ பத்துப் புள்ளியாகவும் தெரியும். புள்ளிகளை எண்ணி "இத்தனை தீ, இத்தனை ஹெக்டேர்" என்று பதிவிடுவது பிழை. விர்ஸ் சுமந்த செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை வாக்கில். மூன்று மணிக்குப் பற்றியதை நள்ளிரவுக்குப் பின்தான் அவை பார்க்கும்; நம் சரிவுத் தீ அதற்குள் மலையைக் கடந்துவிடும்.

கள்ளக்குறிச்சிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன, சுற்றிலும் கரும்பு. வெட்டு முடிந்த வயலில் சோகையைக் கொளுத்தினால் அதுவும் சிவப்புப் புள்ளிதான். கச்சிராயபாளையம் மலையடிவாரத்தை ஒட்டியே இருப்பதால் 375 மீட்டர் கட்டத்தில் வயல் எது, காடு எது என்று பிரிப்பது கடினம். சோகைத் தீ காட்டுக்குள் தாவக்கூடிய இடமும் அதுவே. அங்கே புள்ளி விழுந்தால் உடனே ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும்.

சருகை அகற்றும் செலவுப் பக்கத்துக்கு வருவோம். கூலிக்கு அளவாக 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நூறு நாள் வேலை ஊதியம் 336 ரூபாயை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் நாளைக்கு 100 சதுர மீட்டர் சருகும் புதரும் நீக்குவார் என்றால், 3 மீட்டர் அகலத்தில் 1 கி.மீ தீத்தடுப்புக் கோட்டுக்கு 30 ஆள்நாள், 10,080 ரூபாய். 100 ஹெக்டேரைச் சதுரமாகச் சுற்றினால் 4 கி.மீ, 40,320 ரூபாய். உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் ஒருவர் ஒரு நாளில் முடிக்கும் பரப்பு பாதியாகக் குறையும், செலவு 80,640. சரிவில் 3 மீட்டர் அகலம் போதாது, 6 மீட்டர் வேண்டும். மறுபடி இரட்டிப்பு, 1,61,280. மோசமான நிலவரத்திலும் ஹெக்டேருக்கு 1,613 ரூபாய். கோட்டை வெட்ட வேண்டியது ஜனவரியில். அதன்பின் விழும் இலையை மார்ச்சில் ஒருமுறை பெருக்கினால்தான் அது கோடாக நிற்கும்.

எரிந்தால் போவது எவ்வளவு? மரத்தையும் தேனையும் கடுக்காயையும் விட்டுவிட்டுச் சருகை மட்டும் பார்க்கலாம். சருகில் நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்றால் 5 டன்னில் 50 கிலோ. தீயில் அதன் பெரும்பகுதி புகையாகிவிடும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ, மானிய விலை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோவுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மூட்டை, 644 ரூபாய். இது மானிய விலை; உண்மை விலை பல மடங்கு.

பெரிய இழப்பு மண். சருகுப் போர்வை போன சரிவில் முதல் கனமழை நேரே மண்ணை அடிக்கிறது. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ மண் கரைந்தால் 10 கன மீட்டர், 353 கன அடி, லாரிக்காரர் கணக்கில் மூன்றரை யூனிட். 100 ஹெக்டேருக்கு 353 யூனிட். அது போய்ச் சேரும் இடம் கோமுகி அணையும் மணிமுத்தா அணையும்; இரண்டு ஆறுகளுக்கும் தாய் இந்த மலைதான். கோமுகியின் முழு உயரம் 46 அடி. அணையைத் தூர்வாரக் கேட்கும் ஆயக்கட்டு விவசாயிக்கும் மலை உச்சியில் எரியும் சருகுக்கும் இடையே இருக்கும் தொடர்பு இந்த யூனிட் கணக்கில்தான் தெரிகிறது. அவர் கோரிக்கை மனுவில் தீத்தடுப்புக் கோடும் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதக் கைதான். ஆனால் மலையாளிப் பழங்குடி மக்கள்மீது மொத்தப் பழியையும் போடுவது அநியாயம். காடு எரிந்தால் கடுக்காயும் தேனும் இழப்பவர்கள் அவர்கள்தான். காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காக்க கிராம சபைக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. அவர்களுக்குக் கூலி கொடுத்துக் காவல் வைப்பதற்கான தொகை இது: ஒருவருக்கு, பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை 60 நாள், 336 ரூபாய் வீதம் 20,160. பத்துப் பேருக்கு 2,01,600.

அவர்களுக்கு யார் தகவல் தருவது என்ற இடத்தில்தான் ஆர்வலர்களுக்கு வேலை இருக்கிறது. தமிழக அரசு மாநிலமெங்கும் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவியிருக்கிறது. 1,095 சதுர கி.மீ பரந்த கல்வராயனில் ஒரு பள்ளத்தாக்கில் பெய்யும் கோடை மழை அடுத்ததில் பெய்வதில்லை. அதனால் ஊருக்கு ஒரு மழைமானி கூடுதலாக இருந்தாலும் மிகையல்ல. சேராப்பட்டில் ஒன்று, கரியாலூரில் ஒன்று, வெள்ளிமலையில் ஒன்று என்று உலர், ஈர வெப்பமானிகளோடு மூன்று இடத்தில் பிற்பகல் அளவீடு எடுத்தால், தீக்குறியீட்டை அன்றன்றே கூட்டிவிடலாம். 4,000-ஐத் தாண்டிய மாலையில் காவலர்களுக்கு ஓர் அழைப்பு. 10,000-ஐத் தாண்டிவிட்டால், மறுநாள் காலை 11 மணியிலிருந்து மாலை 5 மணி வரை சரிவுக்கு மேல் யாரும் சுள்ளி பொறுக்கவோ ஆடு மேய்க்கவோ போகாதபடி ஊரில் அறிவிப்பு.