சக்கரமேறிய புகையடுப்பு

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய கோவில்பட்டி வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். சான் அன்டோனியோ பக்கம் நெடுஞ்சாலையில், கொதிகலன் மாதிரியான ஒரு கறுப்பு உருளையைப் பிக்கப் வண்டி ஒன்று இழுத்துக்கொண்டு போனதாம். உருளையின் ஒரு முனையில் புகைபோக்கி, மறுமுனையில் இரும்புப் பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். பேரனிடம் கேட்டால், "அது சமைக்கிற அடுப்பு தாத்தா" என்றானாம். 'பையன் கேலி செய்கிறானோ என்று சந்தேகமாக இருக்கிறது, விளக்குங்கள்' என்கிறார்.

பையன் கேலி செய்யவில்லை. டெக்சாஸ்காரர்கள் வீட்டு முற்றத்தில் தாங்களே பற்றவைத்துக் கட்டிக்கொள்ளும் பார்பெக்யூ புகையடுப்பு அது. அங்கே ஸ்மோக்கர் என்பார்கள். இதைப் பற்றி எழுத நான் வெகுநாளாகச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டிக்காரர் கொடுத்துவிட்டார்.

பார்பெக்யூ என்றால் என்ன என்பதை நம் ஊர் ஹோட்டல் பலகைகளே இப்போது சொல்லிவிடுகின்றன. ஆனால் இங்கே கங்குக்கு மேலேயே கறியை வாட்டுகிறார்கள். டெக்சாஸ் முறையில் தீயும் கறியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மத்திய டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்கடைக்காரர்கள், விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகையில் பதப்படுத்தி விற்றார்கள். கிழக்கு டெக்சாஸில் கறுப்பின மக்கள் மண்ணில் குழி வெட்டிச் சமைக்கும் மரபை வளர்த்தார்கள். லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900இல் தொடங்கிய கிரூஸ் மார்க்கெட் இன்றும் நடக்கிறது.

அந்தக் கடைகளின் அடுப்புகள் செங்கல்லால் கட்டியவை, இடம்விட்டு நகராதவை. அடுப்பை இரும்புக்கு மாற்றியது எண்ணெய்த் தொழில். 1901இல் பியூமாண்ட் அருகே ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்ட பிறகு, அந்த மாநிலத்தில் தடித்த குழாய்களுக்கும் பழைய தொட்டிகளுக்கும் பஞ்சமில்லை, வெல்டர்களுக்கும் பஞ்சமில்லை. சனி, ஞாயிறுகளில் அவர்கள் கை சும்மா இருக்குமா? தேவாலய விருந்து, கல்யாணம், தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்டும் சாப்பாடு, 1974 முதல் ஹூஸ்டன் ரோடியோவில் நடக்கும் சமையல் போட்டி என்று அடுப்பு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. சக்கரம் வந்தது. ஆஸ்டின் நகரில் ஆரன் ஃபிராங்க்ளின் 2009இல் ஒரு ட்ரெய்லரில்தான் கடை போட்டார். 2015இல் அமெரிக்கச் சமையற்கலையின் பெரிய கௌரவமான ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. தன் அடுப்புகளைப் பழைய எரிவாயுத் தொட்டிகளிலிருந்து தானே பற்றவைத்துக்கொண்டவர் அவர்.

இனி எந்திரத்துக்கு வருவோம். அதில் மூன்றே பாகங்கள். பக்கவாட்டில் தீப்பெட்டகம், நடுவில் கறி வைக்கும் நீண்ட அறை, கடைசியில் புகைபோக்கி. பெட்டகத்தில் விறகு எரியும். சூடான காற்று எடை குறைந்து புகைபோக்கி வழியே மேலேறும். அது விட்டுப்போன இடத்தை நிரப்ப வெளிக்காற்று பெட்டகத்தின் வாய்வழியாக உள்ளே நுழையும். இந்த இழுப்பில்தான் வெப்பமும் புகையும் அறை முழுக்க நடந்துபோகின்றன. விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது.

என் சிறுவயதில் எங்கள் ஊருக்கு அருகே ஒரு கரும்பு ஆலைக் கொட்டகை இருந்தது. கொப்பரைக்கு அடியில் சக்கை போட்டு எரிப்பவர் தீயைக் குனிந்து பார்த்ததைவிட, எதிர்முனையில் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்ததுதான் அதிகம். புகை கறுத்தால் ஒரு பிடி சக்கையைக் குறைப்பார். டெக்சாஸ் அடுப்புக்காரருக்கும் அதே பழக்கம்தான். அவர் தேடுவது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படியான மெல்லிய நீலப் புகை. காற்றுப் போதாமல் விறகு புழுங்கினால் நீராவியும் தார்த்துளிகளும் கலந்த தடித்த வெள்ளைப் புகை வரும். அந்தப் பெரிய துளிகள் எல்லா நிறத்தையும் சிதறடிப்பதால் வெண்மை. நன்றாக எரியும் தீயில் புகைத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். வெள்ளைப் புகையில் வெந்த கறி கசக்கும். நீலப் புகையில், மரத்தின் லிக்னின் சிதைந்து உண்டாகும் குவையகால் போன்ற பொருள்கள் மணமாகப் படியும்.

இவ்வளவு பாடு எதற்கு? பிரிஸ்கெட் என்ற மாட்டின் நெஞ்சுக்கறிக்காக. உடலின் பாரத்தைத் தாங்கி உழைத்த தசை அது, கொலாஜன் நார் நிறைந்தது. அவசரத்தில் வேகவைத்தால் தோலைக் கடிப்பது மாதிரி இருக்கும். 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே கிடந்தால் அந்த நார் ஜெலட்டினாக இளகும். இடையில் கறியின் உள்வெப்பம் 70 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி, உள்ளே வரும் வெப்பத்தையெல்லாம் கொண்டுபோய்விடுவதே காரணம். புதியவர்கள் பதறி விறகை அள்ளிப் போடுவதும் கெடுப்பதும் அந்த நேரத்தில்தான்.

விறகைப் பற்றியும் கேட்பீர்கள். மத்திய டெக்சாஸில் போஸ்ட் ஓக் என்ற கருவாலி வகை. மேற்கிலும் தெற்கிலும் மெஸ்கீட். இந்த மெஸ்கீட் நமக்கு அந்நியமல்ல, நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. சூடு அதிகம், புகை முரட்டுத்தனம். ராமநாதபுரத்தில் கரியாக மூட்டை ஏறும் குடும்பம், டெக்சாஸில் மாட்டுக்கறிக்கு மணம் கொடுக்கிறது.

கட்டும் வேலையில் கைநேர்த்தி தெரியும் இடங்கள் சிலவே. பலரும் தேடுவது 500 காலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் கொள்ளும் பழைய புரோபேன் தொட்டி. மூன்று மீட்டர் நீளம், 400 கிலோவுக்கு மேல் எடை. அழுத்தத்தில் வாயுவைத் தாங்கச் செய்த தடித்த சுவர் என்பதால், வெளியே காற்றடித்தாலும் உள்ளே சூடு சட்டென்று இறங்காது. தீப்பெட்டகத்தின் கொள்ளளவு சமையல் அறையின் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. கதவு வெட்டுவதில்தான் அனுபவம் பேசும். உருட்டி வளைத்த தகட்டுக்குள் இறுக்கம் அடைபட்டிருக்கும். நான்கு பக்கமும் ஒரேயடியாக வெட்டினால் கதவு விரிந்துவிடும், அதே வாயில் மறுபடி உட்காராது. எனவே கீல் வரும் பக்கத்தை மட்டும் முதலில் வெட்டி, கீலைப் பற்றவைத்துவிட்டு, பிறகே மற்ற மூன்று பக்கங்களை வெட்டுவார்கள். துத்தநாகம் பூசிய தகட்டையும் கம்பியையும் கிட்டேயே சேர்க்க மாட்டார்கள். பற்றவைக்கும்போது கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். ட்ரெய்லரில் ஏற்றும்போது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் வேகமெடுத்ததும் ட்ரெய்லர் இடமும் வலமும் அலையத் தொடங்கும்.

இனி, எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். அந்தத் தொட்டியின் நாற்றம்.

புரோபேனுக்கு இயல்பில் மணமே கிடையாது. நம் சமையல் வாயுவுக்கும் அப்படித்தான். கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று அழுகிய முட்டைக்கோஸ் வாடை அடிக்கும் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். நூறு கோடியில் ஒருசில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். இந்த வழக்கம் சட்டமாகக் காரணமானதும் டெக்சாஸ்தான். கிழக்கு டெக்சாஸின் நியூ லண்டன் என்ற ஊரில், எண்ணெய் வயலின் வருமானத்தில் செழித்த ஒரு பள்ளி இருந்தது. அவ்வளவு வசதி இருந்தும் செலவைக் குறைக்க, எண்ணெய்க் கிணறுகளில் வீணாகப்போன வாயுவைக் குழாயில் இழுத்துக் கட்டடத்தைச் சூடாக்கினார்கள். வாடையற்ற அந்த வாயு கசிந்து தரைக்கு அடியில் சேர்ந்தது. பிள்ளைகள் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகல், பட்டறையில் மரத்தைத் தேய்க்கும் மின்கருவியிலிருந்து பொறி பறந்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மாணவர்கள். எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்று அந்த மாநிலம் அந்த ஆண்டே சட்டம் போட்டது.

அந்த வாடை தொட்டியை லேசில் விடாது. வாயு தீர்ந்து ஆண்டுகள் ஆன பின்னும் அடியில் எண்ணெய்ப் பிசுக்காகத் தங்கிய கசடு நாறிக்கொண்டிருக்கும். கழுவிய தண்ணீரும் நாறும். இதில் ஒரு குரூரம் உண்டு. உட்சுவரில் துரு பிடித்திருந்தால் அந்தத் துருவே மெர்காப்டனை மெல்லத் தின்றுவிடும். வாடை போய்விடும், வாயு இருக்கும். ஆகவே நாறும் தொட்டியைவிட, நாறாத பழைய தொட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். வால்வைத் திறந்துவிட்டால் போய்விடும் என்று நினைப்பது தவறு, அடியிலேயே படுத்துக்கிடக்கும். காற்றில் அது இரண்டு முதல் ஒன்பதரை சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். முழுக்க நிரம்பிய தொட்டிக்குள் காற்று இல்லாததால் உள்ளே எரிய வழியில்லை. காலி என்று சொல்லப்படும் தொட்டிக்குள்தான் வாயுவும் காற்றும் சரியான அளவில் கலந்து வெடிக்கக் காத்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் வால்வுகளைக் கழற்றி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, நன்றாகக் கழுவி, மறுபடியும் தண்ணீர் நிரப்பிய பிறகே முதல் துளையைப் போடுகிறார்கள். கறுப்புப் பளபளப்போடு ஊர்வலம் போகும் ஒவ்வொரு அடுப்புக்கும் பின்னால் இப்படிக் காத்திருந்த சில நாட்கள் இருக்கின்றன.

நம் ஊரில் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? தின்னர் வந்த டிரம், டீசல் டிரம், பேர் தெரியாத ரசாயனம் வந்த டிரம் என்று எதைக் கொண்டுவந்தாலும், மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு டார்ச்சைப் பற்றவைக்கும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். வெட்டுவது பெரும்பாலும் இருபது வயதுகூட ஆகாத பையன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுப்பதையே பெரிய சலுகையாக நினைக்கும் முதலாளிகள் உண்டு. தண்ணீர் நிரப்ப அரைமணி நேரம் ஆகும், அந்த அரைமணி நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது என்று கேட்பார்கள். நியூ லண்டனிலும் மிச்சம் பிடிக்கப் பார்த்தது சில்லறைக் காசுதான்.

கோவில்பட்டி வாசகரே, இதைப் படித்துவிட்டு உங்கள் தோட்டத்திலும் இப்படி ஓர் அடுப்பு கட்டலாம் என்று தோன்றினால் தாராளமாகக் கட்டுங்கள். புதுத் தகடு வாங்கி உருட்டச் சொல்லுங்கள். வீட்டுச் சமையல் சிலிண்டரை மட்டும் தொடாதீர்கள். அது நீங்கள் முன்பணம் கட்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் சொத்து, வெட்ட உங்களுக்கு உரிமையே கிடையாது. பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலி டிரம் வந்தால் முதலில் கழுவுங்கள், தண்ணீர் நிரப்புங்கள், பிறகு வெட்டுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லத் தெரியாதவர் கொண்டுவந்தால், எவ்வளவு கூலி கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.