ஹெச்.ஓ.டி ரிட்டயர் ஆகிறாரா? சால்வையோட நிறுத்திடாதீங்க... கொல்லிமலை சொல்லும் வழி!

லேப்ல துறைத் தலைவருக்குப் பணி நிறைவு. நாம என்ன செய்வோம்? சால்வை, சந்தன மாலை, குரூப் போட்டோ, 'மிஸ் யூ சார்'னு ஒரு ஸ்டேட்டஸ். தப்பே இல்லை. ஆனா, பிரச்னை அடுத்த திங்கட்கிழமைதான் ஆரம்பிக்கும். எந்த விதை எந்த டப்பாவுல இருக்கு, எந்தச் சோதனை ஏன் பாதியில நின்னது, எந்த ஊர் விவசாயிகிட்ட பேசணும்... இதெல்லாம் பல நேரம் அவர் மனசுல மட்டும்தான் இருக்கும்.

அப்போ, விடைபெறுகிறவருக்கு உண்மையான மரியாதை எது? எம்.எஸ்.சுவாமிநாதன் கதையில இதுக்கு ரெண்டு பதில் இருக்கு.

எதுக்கு நன்றினு சொல்லுங்க

1960-களின் தொடக்கத்தில் டெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தாவரவியல் துறைத் தலைவராக இருந்தார் சுவாமிநாதன். மெக்ஸிகோவின் குட்டை ரகக் கோதுமை இந்தியாவுக்கு உதவும்னு அவர் நம்பினது அப்போதான். 1970-ல் நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக், அந்த ரகங்களோட மதிப்பை முதலில் உணர்ந்தவர் நீங்கதான்னு சுவாமிநாதனுக்கே எழுதினார். கவனிச்சீங்களா? 'நீங்க பெரிய மனுஷர்'னு பொதுவா சொல்லலை. செஞ்ச வேலையைச் சொல்லிப் பாராட்டினார்.

வேலை நிக்காம பார்த்துக்கோங்க

1987-ல் முதல் உலக உணவுப் பரிசைப் பெற்றவர் சுவாமிநாதன். அந்தப் பணத்தைக்கொண்டு 1988-ல் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 1990-களில் அந்த நிறுவனம் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்குப் போனது. அங்கே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பரவ, சாமையும் தினையும் குறைஞ்சுட்டே வந்தன. போதாததுக்கு, சாமையைக் குத்திப் புடைக்கிற வேலை மொத்தமும் பெண்கள் தலையில். 'பாரம்பர்ய விதையைக் காப்பாத்துங்க'னு சொன்னா மட்டும் போதுமா?

அதனால கிராமங்களுக்குத் தோல் நீக்கும் சின்ன இயந்திரங்கள் வந்தன. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை மாதிரியான உள்ளூர் ரகங்களுக்கு விதை வங்கிகள் உருவாகின. சுய உதவிக் குழுக்கள் பொறுப்பெடுத்தன. வேலை ஒருத்தர் கையிலிருந்து ஊர்க் கைக்கு மாறியது.

2023 செப்டம்பர் 28-ல், 98 வயதில் சுவாமிநாதன் மறைந்தார். ஐ.நா அறிவித்த சர்வதேசச் சிறுதானிய ஆண்டும் அதே 2023-தான். அடுத்த ஆண்டு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. விருது பெருமைதான். ஆனா, மலையில அடுத்த போகத்துக்குச் சாமை விதைக்க ஆள் இருந்தாத்தானே அந்தப் பெருமைக்கு அர்த்தம்?

உங்க லேப்ல என்ன செய்யலாம்?

* விழாவுக்கு ஒரு மாசம் முன்னாடியே அவரை உட்காரவெச்சு, போன்ல பேச்சைப் பதிவு பண்ணுங்க. தோத்துப்போன சோதனைகளைப் பத்தி அவசியம் கேளுங்க.

* பணி நிறைவு மலர் போடுறீங்களா? லேப் உதவியாளர், வயல் கொடுத்த விவசாயி பெயர்களையும் சேருங்க. அவரோட உழைப்புல அவங்க பங்கும் இருக்கு.

* அடுத்துப் பொறுப்புக்கு வர்றவரை அவர் கூடவே களத்துக்கு அனுப்புங்க. அறிமுகம் நேர்ல நடக்கட்டும்.

விதை வங்கியில ஒரு வழக்கம் உண்டு. வாங்கின விதையை அறுவடை முடிஞ்சதும் கொஞ்சம் கூடுதலாத் திருப்பித் தரணும். சார்கிட்ட வாங்கினதுக்கும் அதே கணக்குதான்!