ஹார்டும் ஹார்ட்லியும்

சில்லாண்டுகட்கு முன் மாணவரொருவர் உபகாரச் சம்பளம் வேண்டி வரைந்த விண்ணப்பமொன்றை யாம் காண நேர்ந்தது. இராப்பகலாய் உழைத்துப் படித்தமையைத் தெரிவிக்கக் கருதிய அவர், ‘ஐ ஹாவ் ஹார்ட்லி ஒர்க்ட்’ என்று எழுதியிருந்தார். ‘யான் உழைத்ததே இல்லையெனலாம்’ என்பதன்றோ அதன் பொருள்! நல்ல வேளையாக, அஞ்சலிற் சேருமுன்னரே அது திருத்தப்பெற்றது.

இப்பிழை தமிழ் வழக்கினின்றே பிறந்தது. தமிழிற் பெயரோடு ‘ஆக’ என்பதைச் சேர்த்தால் வினையடை ஆகும்: கடினம், கடினமாக. ஆங்கிலத்தில் அவ்விடத்து நிற்பது ‘லி’ என்று நம் மாணவர் கொள்கின்றனர். மெதுவைக் குறிக்கும் ஸ்லோ, ஸ்லோலி என்பவற்றில் அது பொருந்தும், ஹார்டினிடத்துப் பொருந்தாது.

பழைய ஆங்கிலத்தில் வினையடை ஆக்குதற்கு இரு வழிகள் இருந்தன. ஈற்றில் எகரம் சேர்த்தல் ஒன்று. ‘லிச்செ’ என்னும் விகுதி சேர்த்தல் மற்றொன்று. நாளடைவில் எகரம் தேய்ந்து மறைய, ஹார்ட் என்பதே பெயரடையாயும் வினையடையாயும் நின்றது. லிச்செ என்பது ‘லி’ எனக் குறுகியது. ‘கடுமையாக’ என்னும் பொருளை ஹார்ட் தன்னிடமே வைத்துக்கொள்ள, ஹார்ட்லியோ ‘வருந்தி’, ‘அரிதின்’ என்னும் பொருள்களில் வழங்கி, இறுதியில் ‘இல்லையென்னுமளவில்’ என்பதாய்த் தேய்ந்தது. அரிதின் நிகழ்வது சிறிதே நிகழ்தல் இயல்பன்றோ? நம் ‘அரிது’ என்னுஞ் சொல்லும் கடினம், குறைவு என்னும் இரு பொருளையும் தருதல் காண்க.

லேட் என்பது ‘தாமதித்து’ என்றும், லேட்லி என்பது ‘அண்மைக் காலத்தில்’ என்றும் பிரிந்தன. நியர் ‘அருகில்’, நியர்லி ‘ஏறத்தாழ’. இவற்றைப் பழக்கத்தாற் கொள்ளுதலே எளிது.

இடைநிலைப் பொருளைக் காண விழைவார் 1611-ம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தைப் புரட்டுக. ஐசுவரியவான் பரலோக ராஜ்யத்திற் புகுதலைக் கூறுமிடத்து, மத்தேயு சுவிசேஷம் 19-ம் அதிகாரத்தில், ஹார்ட்லி ‘அரிதின்’ என்னும் பொருளில் நிற்கிறது. இக்காலப் பொருளை அதன்மேல் ஏற்றினால், ஐசுவரியவான் பெரும்பாலும் புகவே மாட்டான் என்றாகிவிடும். 1881-ல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பினர் அவ்விடத்து ஹார்ட் என்னும் பெயரடையையே பெய்தனர்.

அச்சுவிசேஷத்தின் 21-ம் அதிகாரத்தில் அத்திமரம் பட்டுப்போனதைக் கூறும் பிரஸன்ட்லி என்பதற்கோ ‘உடனே’ என்பது பொருள். அச்சொல் பின்னர்ச் சோம்பலுற்றுச் ‘சற்று நேரத்தில்’ என்றாயிற்று. அமெரிக்கரும் ஸ்காட்லாந்தினரும் ‘இப்பொழுது’ என்னும் பொருளிலும் அதனை வழங்குவர். நம் நாட்டு அலுவலகக் கடிதங்களிலும் அவ்வழக்கே மிகுதி. ஆதலின், கடிதத்தில் அச்சொல்லைக் காண்போர், எழுதினவர் எந்நாட்டு வழக்கைக் கொண்டார் என்பதையும் உடன் நோக்கவேண்டும்.