சலூன்காரரின் கணக்கு நோட்டு

அமெரிக்கா போகிறவர்கள் நயாகராவைப் பார்ப்பார்கள். சுதந்திர தேவி சிலையோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அடியேன் பார்த்துவிட்டு வந்தது ஒரு சலூன்காரரின் வீடு!

நாஷ்வில்லில் கம்ப்யூட்டர் தட்டும் என் மச்சினனின் ஏற்பாடு. "அத்தான், நாட்செஸ் வரைக்கும் கார்லயே போயிடலாம். 444 மைல்தான்" என்றான். 'தான்' போட்டுச் சொல்கிற தூரமா அது? சுமார் 715 கிலோ மீட்டர்! 'நாட்செஸ் டிரேஸ்' என்ற அந்தச் சாலையில் லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. டீக்கடை? மூச்!

மிஸிஸிப்பி ஆற்றங்கரை மேட்டில் உட்கார்ந்திருக்கிறது நாட்செஸ். 1716-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டிய இடம். எதிர்க்கரை லூசியானா. ஊர் முழுக்கப் பருத்திப் பணத்தில் எழும்பிய மாளிகைகள். அதில் 'லாங்வுட்' என்று ஓர் எட்டுப்பட்டை வீடு. 32 அறைகளுக்குத் திட்டம் போட்டு 1860-ல் ஆரம்பித்தார்கள். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்கேயிருந்து வந்த வேலையாட்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். முடிந்தது அடித்தளத்தின் 9 அறைகள் மட்டுமே. மேல்மாடிகள் இன்னமும் அப்படியே! நம்ம ஊர் மேஸ்திரி ஒரு வாரம் வரலைன்னா என்ன குதி குதிக்கிறோம்!

அப்புறம்தான் அந்தச் சலூன்காரர் வீடு. பெயர் வில்லியம் ஜான்சன். 1809-ல் அடிமையாகப் பிறந்து, 1820-ல் விடுதலை பெற்ற கறுப்பர். வெள்ளைக்காரர்களுக்கு முடி வெட்டியே வீடு, நிலம், வட்டிக்கு விடப் பணம் என்று சேர்த்தார். 1835-லிருந்து டைரி எழுதினார். வரவு, செலவு, கொடுத்த கடன், குதிரைப் பந்தயம், ஊர் வம்பு... சலூனில் கிடைக்காத நியூஸ் உண்டா?

பி.காம். படித்த எனக்கு ஒரே குஷி. ஆனால், அடுத்த விஷயம் கேட்டதும் குஷி இறங்கிவிட்டது. ஜான்சனே அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தாராம்!

"அடிமையா இருந்தவரே அடிமை வாங்கினாரா அத்தான்?" என்றான் மச்சினன். என்னிடம் பதில் இல்லை.

1851-ல் நில எல்லைத் தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பார்த்த சாட்சிகள் கறுப்பர்கள். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அன்றைய சட்டத்தில் இடமில்லை. குற்றம் சாட்டப்பட்டவரோ, 'நான் கறுப்பனே இல்லை' என்று வாதாடித் தப்பித்துவிட்டார். ஜான்சனின் டைரி சரியாக நூறு வருஷம் கழித்து, 1951-ல் புத்தகமாக வந்தது.

கிளம்பும்போது ஊர் எல்லையில் 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட்' என்ற இடத்தில் காரை நிறுத்தினோம். ஒரு காலத்தில் பெரிய அடிமைச் சந்தை. கட்டடம் எதுவும் மிச்சமில்லை. புல்வெளி, தகவல் பலகைகள், சிமென்ட் தரையில் பதித்த இரும்பு விலங்குகள். அவ்வளவுதான். மாளிகைகளுக்கெல்லாம் முதலீடு எங்கிருந்து வந்தது என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. பேலன்ஸ் ஷீட்டின் மறுபக்கம் அது.

ராத்திரி லாட்ஜில் வழக்கம்போல் என் செலவு நோட்டை எடுத்தேன். பெட்ரோல், சாப்பாடு, மாளிகை டிக்கெட் எல்லாம் எழுதியாச்சு. அந்த விலங்குகளைப் பார்த்ததற்குக் காசு கேட்கவில்லை. ஆனாலும், ஒரு வரி காலியாக விட்டு வைத்தேன்.