ஏரியில் அரிய வாத்து: அடையாளம் காண்பதும் பதிவு செய்வதும்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி, கண்மாய்கள் நிரம்பியதும் வடக்கிலிருந்து வாத்துகள் வந்து இறங்குகின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவை வழக்கமாக வருபவை. புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் இங்கேயே தங்குபவை. இவற்றின் நடுவே, இதுவரை காணாத வாத்து ஒன்று எப்போதாவது தென்படலாம். அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மடை திறக்க வந்த விவசாயியோ, வலை வீசும் மீனவரோதான். அவர் அங்கேயே குறித்துக்கொள்ளாவிட்டால் பார்த்தது வெறும் பேச்சாகப் போய்விடும்.

பீகாரில் மறைந்த பறவை

இளஞ்சிவப்புத் தலை வாத்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளில், உயர்ந்த புல் சூழ்ந்த சதுப்புக் குட்டைகளில் அது வாழ்ந்தது. சதுப்புகள் விளைநிலங்களாயின, வேட்டையும் சேர்ந்தது. 1935-ல் பீகாரின் தர்பங்கா பகுதியில் சுடப்பட்ட பறவையே இயற்கையில் உறுதியான கடைசிப் பதிவாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் "பார்த்தோம்" என்ற செய்திகள் பல வந்தன. தெளிவான படமோ, இறகோ இல்லாததால் எதையும் உறுதி செய்ய இயலவில்லை. 2017-ல் மியான்மரின் இந்தாஜி ஏரியில் தேடியும் பலனில்லை.

குழப்பத்திற்குக் காரணம், குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வரும் சிவப்புக்கொண்டை வாத்து. அதன் ஆணுக்குத் தலை செம்பழுப்பு, அலகு சிவப்பு. ஆனால் மார்பு கறுப்பு, விலா வெள்ளை. பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். இளஞ்சிவப்புத் தலை வாத்துக்கு உடல் முழுவதும் கரும்பழுப்பு. வெள்ளை விலா கிடையாது. தலையை மட்டும் பார்த்தவர் ஏமாறுவார். விலாவையும் இறக்கையையும் பார்த்தவர் ஏமாறமாட்டார்.

குறிக்க வேண்டியவை

1. நாள், நேரம், ஏரியின் பெயர், பறவைகளின் எண்ணிக்கை.

2. வெயில் எந்தப் பக்கம் இருந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தது. மாலை வெயிலில் பழுப்புத் தலையும் சிவப்பாகத் தோன்றும்.

3. அருகிலுள்ள புள்ளிமூக்கு வாத்தைவிடப் பெரியதா, சிறியதா?

4. அலகு, கண், தலை, மார்பு, விலா, வாலடி ஆகியவற்றின் நிறம்.

5. பறக்கும்போது இறக்கையில் பட்டை உண்டா? என்ன நிறம்?

6. நீரில் முழுவதும் மூழ்கி இரை தேடுகிறதா, தலையை மட்டும் கவிழ்க்கிறதா?

கைப்பேசியில் பல படங்கள் எடுக்க வேண்டும். மங்கலான படத்தையும் அழிக்கக்கூடாது. படம் எடுக்க இயலாதபோது, புத்தகத்தைப் புரட்டுமுன் கண்டதைத் தாளில் வரைந்துகொள்வது நல்லது. புத்தகத்தைப் பார்த்தபின் காணாததும் கண்டதாகத் தோன்றும்.

அரியது என்று முடிவு செய்யுமுன் மூன்று ஐயங்களைத் தீர்க்க வேண்டும். இனப்பெருக்கம் முடிந்து இறகுதிர்க்கும் ஆண், பல இனங்களில் பெண்ணைப் போலவே தோன்றும். சிவப்புக்கொண்டை வாத்தில் அப்போதும் ஆணின் அலகு சிவப்பாகவே இருக்கும். இளம் பறவையின் நிறமும் வேறுபடும். மணிலா வாத்து போன்ற வளர்ப்பு வாத்துகளும் அவற்றின் கலப்பினங்களும் ஏரிக்கு வந்து சேர்வதுண்டு.

யாரிடம் தெரிவிப்பது?

குறிப்பையும் படத்தையும் வனத்துறை அலுவலரிடம் அளிக்கலாம். 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஜனவரி மாதத்தில் பங்குபெறும் ஆர்வலர்களிடமும் சேர்க்கலாம். பறவையின் காலில் வளையம் தெரிந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்துத் தெரிவிக்க வேண்டும்.

சான்றுக்காகப் பறவையைப் பிடிப்பதும் சுடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூடு இருந்தால் அதன் இடத்தைப் பலரறியச் சொல்லக்கூடாது. இறந்து கிடக்கும் வாத்தை வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் தர வேண்டும். பறவைக் காய்ச்சல் வீட்டுக் கோழிகளுக்கும் பரவக்கூடும்.

வாத்து ஒரே நாளில் ஏரியை விட்டுப் போய்விடலாம். ஆகவே பார்த்த அன்றே குறிப்பு எழுதி, படத்துடன் அனுப்பிவிட வேண்டும்.