குறடு, நரம்பு, கொஞ்சம் பாசி... வெடிக்காத வீட்டுத் தொழில்!

தாயில்பட்டி என்றதும் என்ன ஞாபகம் வரும்? பட்டாசு! விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி வட்டாரத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயர் பேப்பரில் அடிபடுவது பெரும்பாலும் ஒரு விபத்துக்குப் பிறகுதான். 2021 ஜூனில் அப்படித்தான் அடிபட்டது. வெடித்தது ஆலையில் இல்லை, ஸார்... வீட்டில்! லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் பட்டாசு செய்தபோது வெடித்து உயிர்கள் போயின.

'வீட்டில் உட்கார்ந்தபடியே நாலு காசு பார்க்கணும்' என்கிற ஆசையில் தப்பே கிடையாது. கையில் எடுக்கிற சரக்குதான் தப்பு. திரி பின்னியும் பெட்டி ஒட்டியும் பழகிய விரல்களுக்கு வேறு வேலையா இல்லை? பாசிமணி கோக்கலாமே!

"பாசியா? அது திருவிழாக் கடை சமாசாரமாச்சே" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். தாயில்பட்டிக்குப் பக்கத்திலேயே வெம்பக்கோட்டை. அங்கே வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. கிடைத்தது என்ன தெரியுமா? வண்ண வண்ணக் கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சுடுமண் மணிகள், சங்கு வளையல்கள்! அரைகுறையாக நின்றுபோன வளையல்களும் கிடைத்ததால், பட்டறையே அங்கேதான் இருந்திருக்கிறது என்கிறார்கள். கடல் இல்லாத ஊரில் சங்கு அறுத்திருக்கிறார்கள்! ஆக, வெடிமருந்து வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இந்த மண்ணில் நகைத் தொழில் இருந்திருக்கிறது.

சரி, இதற்கு எத்தனை மெஷின் வேணும்? ஒன்றுகூட வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நரிக்குறவர்களைக் கவனியுங்கள். கையில் ஒரு குறடு, ஒரு கம்பிச் சுருள். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு மாலை ரெடி!

மூணே மூணு குறடு

முதலாவது, உருண்டை மூக்குக் குறடு. கம்பி நுனியை வளைத்து வளையம் போட. இரண்டாவது, தட்டை மூக்குக் குறடு. பிடிக்க, அமுக்க, வளையத்தைத் திறந்து மூட. மூன்றாவது, கட்டர்.

"வீட்டில் கட்டிங் பிளேயர் இருக்கே, அது போதாதா?" என்று கேட்கிற சிக்கனத் திலகங்களுக்கு: போதாது. அதன் வாயில் பல் இருக்கும். மெல்லிய கம்பியில் கடிபட்ட தழும்பு விழும். உள்பக்கம் வழவழவென்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு சூட்சுமம். வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனையையும் பக்கவாட்டில் இழுத்து அகட்டக் கூடாது. ஒரு முனையை முன்னால், மறு முனையைப் பின்னால் தள்ள வேண்டும். அப்போதுதான் மூடும்போது பழைய வட்டம் திரும்பக் கிடைக்கும்.

எதில் கோப்பது?

பிரேஸ்லெட் என்றால் எலாஸ்டிக் நூல். கழுத்து மாலைக்கு நரம்பு (தூண்டிலுக்குக் கட்டுவார்களே, அதே நைலான்தான்). கனமான கல் மணி என்றால், நைலான் பூசிய மெல்லிய ஸ்டீல் கம்பி. கண்ணாடிப் பாசியின் துளை ஓரம் கத்தி மாதிரி. சாதா தையல் நூலைப் போட்டால் கல்யாண வீட்டில் மாலை அறுந்து, பந்தி நடுவே ஆளுக்கொரு பக்கம் பொறுக்க வேண்டி வரும்!

பாசியின் அளவு மில்லிமீட்டரில். பொடிப் பாசிக்கு மட்டும் நம்பர். அதில் ஒரு வேடிக்கை: நம்பர் கூடக் கூட பாசி சின்னதாகும்! 11-ம் நம்பர் பாசி சுமார் 2 மி.மீ.தான்.

ஆபீஸில் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 18 அங்குல மாலை என்பது 457 மி.மீ. 6 மி.மீ. மணி என்றால் சுமார் 76 வேண்டும். 8 மி.மீ. என்றால் 57. அதே நீளத்துக்கு 11-ம் நம்பர் பாசி முந்நூறைத் தாண்டிவிடும். நரம்பை மட்டும் ஆறு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். முடிக்கிற இடத்தில் கைக்குப் பிடி வேண்டாமா?

முடிப்பதில் இருக்கிறது வித்தை

நரம்பில் வெறும் முடிச்சு வழுக்கும். அதற்கென்றே குட்டி உலோகக் குழல் விற்கிறார்கள். நரம்பை அதில் நுழைத்து, கொக்கியின் வளையத்தில் சுற்றி, மறுபடி அதே குழலுக்குள் கொண்டுவந்து, குறடால் நசுக்கிவிட வேண்டும். மிச்ச நுனியைப் பக்கத்து மணிகளுக்குள் ஒளித்துவிடலாம். கடைசியாக ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். அறுவதானால் உங்கள் கையிலேயே அறுந்துவிடட்டும்!

கம்மல் கொக்கி வாங்கும்போது 'நிக்கல் இல்லாதது' என்று கேட்டு வாங்குவது நல்லது. சிலருக்கு நிக்கல் பட்டால் காது அரிக்கும்.

கீழே ஒரு பழைய துண்டை விரித்துக்கொண்டால் பாசி உருண்டோடாது. கம்பி நறுக்கும்போது நுனியைத் தரைப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தாவும். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாமல் டப்பாவை மூடி உயரத்தில் வையுங்கள். ஆபத்து என்றால் அவ்வளவுதான்!

காசு வருமா?

'மாதம் ஆயிரக்கணக்கில் கொட்டும்' என்று ரீல் விட மாட்டோம். கடையில் மெஷின் மாலை மலிவாகக் கிடைக்கிறது. அதோடு விலையில் மோத முடியாது. ஆனால், சேலைக் கலருக்கு ஏற்ப மாலை கோத்துத் தர மெஷினுக்குத் தெரியாது. அறுந்த மாலையைத் திருப்பிக் கோக்கவும் தெரியாது. பிழைப்பு அந்த இடத்தில் இருக்கிறது. விலை போடும்போது பாசி, கொக்கி, நரம்போடு பஸ் காசையும், உட்கார்ந்த நேரத்துக்குக் கூலியையும் சேர்க்க மறக்காதீர்கள். வீட்டம்மாவின் நேரம் இலவசம் என்று எழுதுகிற கணக்கு தப்புக் கணக்கு!

பட்டாசு மருந்து இருக்கிற அறையில் இரும்புச் சாமானே ஆகாது. ஒரு பொறி போதும். இங்கே இரும்புக் குறடுதான் ராஜா. கை தவறினால் என்ன ஆகும்? பாசி உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும். குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.