இல்லத்திலே ஒரு தொழிற்கூடம்
2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கரையோரங்களைச் சூறையாடியபோது, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிந்து வைப்பதற்கென இலங்கைத் தொண்டர்கள் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அதன் மூல நிரல் எவருக்கும் திறந்திருந்தது.

இத்தகைய பணியில் இறம்பொடை மாணவரும் பங்குகொள்ள இயலுமா? இயலும் என்போம்.

முதலில் மூல நிரலின் நகலொன்றைத் தம் கணினியில் இறக்கிக்கொள்ளல் வேண்டும். அது இயங்குதற்குரிய துணை மென்பொருள்களையும் நிறுவி, ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இனித் திருத்தங்களை அந்நகலிலேயே செய்து சோதிக்கலாம். பிழை நேரினும் மூலத்துக்கு ஊறில்லை.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' என்னும் கருவி, நிரலின் மாற்ற வரலாறு முழுவதையும் நகலுடன் தந்துவிடுகிறது. ஆகவே, மலைச்சாரலில் இணையத் தொடர்பு அறுந்தாலும் வேலை நில்லாது. தொடர்பு கிட்டும்போது திருத்தத்தை அனுப்பினாற் போதும்; பொறுப்பாளர் ஆராய்ந்து, தக்கதாயின் ஏற்பர்.

2014இல் மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மண்சரிவு விழுங்கியதை மலையகம் மறவாது. இடர்க்காலத்தில் பெயர்ப் பதிவு ஒவ்வொன்றும் ஓர் உயிரின் தடயமன்றோ? அத்தகைய மென்பொருளொன்றில் தமிழ்ப் பிழையொன்றைத் திருத்துவதே நம் மாணவரின் முதற் காணிக்கையாகட்டும்.